‘மறதி’ என்னும் பெயர்: முதுமை டிமென்ஷியாவும் தமிழ்க் குடும்பங்கள் உதவி நாடும் வழிகளும்

ஆய்வுச்சுருக்கம்

முதுமையில் தோன்றும் டிமென்ஷியா தமிழ்க் குடும்பங்களில் ‘வயதான மறதி’ என்ற பெயரிலேயே முதலில் அறியப்படுகிறது. அப்பெயர் நோயை இயல்பான ஒன்றாக ஆக்கிவிடுவதால் மருத்துவ உதவியையும் சட்டப் பாதுகாப்பையும் நாடும் காலம் தள்ளிப்போகிறது. மறதியில் அடங்காத நோய்க்குறிகள் நோயாளியின் குணக்கேடாகவோ பராமரிப்பவரின் குற்றமாகவோ கொள்ளப்படுகின்றன. இப்பெயரின் விளைவுகளையும், உறவினர் ஒருவருக்கு இந்நோயின் அறிகுறிகள் தென்படும்போது தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் அணுகத்தக்க மருத்துவ, சமூக, சட்ட வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிமென்ஷியா, முதுமை, மறதி, குடும்பப் பராமரிப்பு, முதியோர் நலம், உரிமைச் சட்டங்கள்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர். 2021ஆம் ஆண்டிற்கான மதிப்பீட்டில் இது 13.6 விழுக்காடாக உயர்ந்தது. பெரிய மாநிலங்களுள் கேரளத்திற்கு அடுத்த நிலை இது. முதியோர் பெருகும் சமூகத்தில் முதுமையின் நோய்களும் பெருகுவது இயல்பு. அவற்றுள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பொதுமக்கள் பேச்சில் இடம்பிடித்துவிட்டன. டிமென்ஷியாவுக்கு அந்த இடம் இன்னும் கிட்டவில்லை.

இந்திய முதியோரிடையே நாடளாவிய நிலையில் நிகழ்த்தப்பட்டு 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரங்களைவிட ஊரகங்களிலும் இது மிகுதி என்பதும் அதன் முடிவு. சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதியில் நடைபெற்று 1997இல் வெளியான ஆய்வு கண்ட விழுக்காடு 3.5. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, கால் நூற்றாண்டில் நோய் இருமடங்காகிவிட்டது எனக் கொள்வது பிழை. கண்டறியும் கருவிகளும் ஆய்வுக்குட்பட்டோரின் வயதமைப்பும் வெவ்வேறானவை. அளவு எதுவாயினும், இந்நோயுடையோரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையிலோ இல்லங்களிலோ இல்லை; வீட்டில் உள்ளனர். எனவே இந்நோயைப் பற்றிய ஆய்வு, வீடு இதனை எப்பெயரால் அழைக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

பெயரும் பொருளும்

டிமென்ஷியா தனியொரு நோயன்று. நினைவு, மொழி, திசையறிவு, முடிவெடுக்கும் திறன், நடத்தை ஆகியவை படிப்படியாகச் சிதைந்து அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் நிலைக்குரிய பொதுப்பெயர் அது. அதற்கு வழிவகுக்கும் நோய்களுள் அல்சைமர் நோய் முதன்மையானது. 60 முதல் 70 விழுக்காடு வரை அதனால் நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் பழுது அடுத்த பெருங்காரணம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த தமிழ்நாட்டில் இதனைத் தனியே கருதவேண்டும்.

தமிழில் இதற்கு ‘மறதிநோய்’, ‘முதுமை மறதி’, ‘மூளைத்தேய்வு’, ‘அறிவாற்றல் இழப்பு’ எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. நாளிதழ்களிலும் மருத்துவ நூல்களிலும் முதலிரண்டே மிகுதி. வீட்டு வழக்கிலோ ‘நோய்’ என்ற சொல்லும் உதிர்ந்து ‘மறதி’ மட்டுமே எஞ்சுகிறது. “வயசானா மறதி வரத்தானே செய்யும்” என்னும் தொடரில் நோய்க்கு இடமே இல்லை.

இச்சொல்லுக்குத் தமிழில் நெடிய அறப்பின்னணி உண்டு. திருக்குறளில் ‘பொச்சாவாமை’ என மறவாமைக்குத் தனி அதிகாரம் அமைந்துள்ளது. அங்கு மறதி, மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையில் சோர்தல். ‘செய்ந்நன்றியறிதல்’ அதிகாரத்தில் மறத்தல் அறத்தின் வழுவாகவே எண்ணப்படுகிறது. மறதி மறப்பவரின் பொறுப்பு, முயன்றால் தவிர்க்கத்தக்கது என்ற எண்ணம் இன்றைய பேச்சிலும் தொடர்கிறது. பேரனின் பெயரை மறந்த பாட்டியிடம் “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என வற்புறுத்துவோர் அவ்வெண்ணத்தின் வழியே நிற்கின்றனர். ஆனால் நினைவைப் பதிவுசெய்யும் மூளைப்பகுதியே சிதைந்தவருக்கு யோசித்துப் பெறுவதற்கு அங்கு ஒன்றுமில்லை.

முதுமையைப் பற்றிய இலக்கியப் படிமமும் கருதத்தக்கது. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவர், தண்டூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசுபவர். ஆனால் ஆற்றங்கரை மரத்திலிருந்து மடுவில் குதித்த இளமையைத் துல்லியமாக நினைவுகூர்பவர். உடல் தளர்ந்தாலும் பழைய நினைவு தளராது என்னும் இப்படிமம் உண்மைக்குப் புறம்பானதன்று. அல்சைமர் நோயின் தொடக்கத்தில் அண்மை நினைவே முதலில் அழிகிறது. தொலைநினைவு நெடுநாள் நிலைக்கிறது. குடும்பம் ஏமாறுவதும் இவ்விடத்தில்தான். அறுபதாண்டுகளுக்கு முந்தைய திருமணத்தில் யார் யார் வந்தனர் என்று சொல்லக்கூடிய ஒருவர், காலையில் உண்டதை அறியாதிருப்பதை வீட்டார் நம்புவதில்லை. ‘பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறதே’ என்ற ஆறுதல் மருத்துவரிடம் செல்வதை ஓரிரு ஆண்டுகள் ஒத்திவைக்கப் போதுமானது.

யாழ்ப்பாணத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்றொரு வழக்கு உண்டு. முதுமையில் அறிவு தடுமாறிப் பேச்சும் செயலும் மாறிப்போவதை அது குறிக்கும். ஏளனத்தொனி கலந்த வழக்காயினும், மறதியோடு நில்லாத ஒரு மாற்றத்தை அது அடையாளம் கண்டிருக்கிறது. ஏளனமின்றி அப்பொருளைத் தரும் சொல் பொதுத்தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. ஜப்பான் இச்சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. அறிவின்மையைச் சுட்டிய ‘சிஹோ’ என்ற பழைய சொல்லை நீக்கி, அறிதிறன் சார்ந்த ‘நின்சிஷோ’ என்ற சொல்லை 2004இல் அந்நாட்டு அரசே வழக்கிற்குக் கொணர்ந்தது. தமிழ்ச் சொற்களுள் ‘அறிவாற்றல் இழப்பு’ நோயின் பொருளுக்கு நெருங்கியது. எனினும் ஊர்ப்புற வீடொன்றில் அச்சொல் புரியுமா என்பது ஐயமே. இக்கட்டுரை ‘டிமென்ஷியா’ என்பதையே ஆள்வது, மருத்துவச் சீட்டில் குடும்பத்தார் காணவிருக்கும் சொல் அதுவே என்பதனால்.

குற்றச்சாட்டாக வரும் நோய்

குடும்பங்கள் உதவி தேடிப் புறப்படுவது பெரும்பாலும் மறதியினால் அன்று. முதியவர் வீட்டைவிட்டு வெளியேறித் திரும்ப வழி தெரியாமல் நிற்கும்போதும், இரவு முழுதும் உறங்காமல் ‘வீட்டிற்குப் போகவேண்டும்’ எனக் கதவைத் தட்டும்போதும், படுக்கையில் சிறுநீர் கழிக்கும்போதும்தான் அவர்கள் புறப்படுகின்றனர். அப்போது நோய் தொடக்க நிலையைத் தாண்டியிருக்கும்.

இவற்றுள்ளும் கொடியது குற்றச்சாட்டு. வைத்த இடம் மறந்த நகையை மருமகள் எடுத்துக்கொண்டதாக மாமியார் கூறுவார். உண்டு அரைமணி நேரமான பின், வந்த உறவினரிடம் “எனக்குச் சோறே போடல” என்பார். சொல்பவர் பொய் சொல்லவில்லை. உண்டது அவர் நினைவில் பதியவில்லை, அவ்வெற்றிடத்தை மூளை தனக்கு எட்டிய விளக்கத்தால் நிரப்புகிறது. கேட்பவருக்கு இது தெரியாது. முதியவருக்கு உணவு மறுத்தல் என்பதைவிடப் பெரும்பழி தமிழ்க் குடும்பத்தில் அரிது. அப்பழி, நாள்முழுதும் உடனிருந்து ஊட்டுபவர் மீதே விழுகிறது. வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மகளிடமோ மகனிடமோ முதியவர் ஓரளவு தெளிவாகவே பேசுவதால் அது உறுதியும் பெறுகிறது. விருந்தினர்முன் சிறிது நேரம் இயல்பாக உரையாடுதல் இந்நோயின் தொடக்க, இடை நிலைகளில் காணப்படுவதே.

கோவாவில் விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்சும் நிகழ்த்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மக்கள் டிமென்ஷியாவின் அறிகுறிகளை முதுமையின் இயல்பாகவோ பிள்ளைகளின் புறக்கணிப்பால் நேர்ந்ததாகவோ கருதியதைப் பதிவுசெய்தது. வாரணாசியை மையமாகக் கொண்ட மானிடவியலாளர் லாரன்ஸ் கோகனின் 1998ஆம் ஆண்டு நூலும், முதியவரின் தடுமாற்றம் ‘கெட்ட குடும்பத்தின்’ அடையாளமாகப் பார்க்கப்படுவதைச் சுட்டியது. தமிழ்க் குடும்பங்களில் நிகழ்வதும் இதற்கு வேறானதாகத் தோன்றவில்லை. நோய்க்குப் பெயர் இல்லாதபோது அதன் ஒவ்வொரு குறிக்கும் ஒரு குற்றவாளி தேவைப்படுகிறார். நோய் உறுதிசெய்யப்படுவதால் குணமாதல் நிகழாமற்போகலாம்; ஆயினும் பராமரிப்பவர் பழியிலிருந்து விடுபடுவது அந்நாளில்தான் தொடங்குகிறது. அவ்வுறுதிச்சொல்லை ஒரே அறையில் அமர்ந்து உடன்பிறந்தோர் அனைவரும் மருத்துவரிடம் கேட்பது பெரும் பூசல்களைத் தவிர்க்கும்.

மருத்துவரை நாடுதல்

எந்த மருத்துவர் என்பதே முதல் வினா. முதியோர் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய மூவரும் இதனைக் கண்டறியத் தகுதியுடையோர். மனநல மருத்துவரிடம் செல்வதைப் பழிக்குரியதாகக் கருதிக் குடும்பங்கள் தயங்குகின்றன. ஆனால் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழி மனநல மருத்துவம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்திருப்பதால், நகரம் தள்ளி வாழ்வோருக்கு அருகில் கிடைப்பவர் அவராகவே இருக்கக்கூடும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார்; நாட்டில் இத்துறைக்கு முன்னோடி அது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டுள்ளது. எங்குச் செல்வது எனத் தெரியாத குடும்பம், முதியோருக்கான 14567 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும், தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என வழங்கும் 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் தமிழிலேயே வழி கேட்கலாம்.

விரைந்து செல்லவேண்டியதற்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு: டிமென்ஷியா போலத் தோன்றும் நிலைகளுட் சில குணப்படுத்தத்தக்கவை. பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் மூளையுறைக்குக் கீழே மெல்லச் சேரும் இரத்தக்கட்டு, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியன அத்தகையவை. துணைவரை இழந்த முதியவரின் மனச்சோர்வு ‘மறதி’ என்றே கடந்துபோகப்படுவதுண்டு. இரத்தப் பரிசோதனையும் மூளையின் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படமும் இவற்றைப் பிரித்தறிய உதவுகின்றன. ஓரிரு நாள்களில் திடீரெனக் குழப்பம் தோன்றினால் அது டிமென்ஷியா அன்று. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, நீரிழப்பு, இரத்தச் சர்க்கரை தாழ்தல், பக்கவாதம் போன்றவற்றின் விளைவாக இருக்கலாம். அது அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டிய அவசரநிலை. ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவரிடமும் இது நேரும். ‘நோய் முற்றிவிட்டது’ என வீட்டார் வாளாவிருந்துவிடுவது ஆபத்தாக முடிவதுண்டு.

நினைவுச் சோதனைகளில் பெரும்பாலானவை எழுதப்படிக்கத் தெரிந்தோரை எண்ணி வகுக்கப்பட்டவை. இன்றைய தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் என அமையும் வினாக்களில் பள்ளிக்கே செல்லாத எண்பது வயதுப் பெண் தோற்பது அவர் நோயைக் காட்டாது. இக்குறையை உணர்ந்த முயற்சிகளில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்களால் உருவான ‘10/66’ ஆய்வுக்குழு, கல்வியறிவால் முடிவு திரியாத கண்டறிமுறையை வகுத்தபோது அதன் இந்திய மையங்களாக விளங்கியவற்றுள் சென்னையும் வேலூரும் அடங்கும். டிமென்ஷியா உடையோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வுகள் 10 விழுக்காட்டிற்கும் குறைவு என்பதே அப்பெயரின் பொருள். வேலூர் ஆய்வாளர்கள் ஊரகச் சூழலுக்கென எளிய வினாநிரலையும் பின்னர் உருவாக்கினர்.

இம்முறைகள் அனைத்திலும் முதியவரிடம் கேட்பதற்கு நிகராக, அவரை அன்றாடம் காண்பவரிடம் கேட்பதும் இடம்பெறுகிறது. ஆகவே குடும்பத்தார் கொண்டுசெல்லவேண்டியது ‘மறதி அதிகமாகிவிட்டது’ என்ற பொதுக்கூற்றை அன்று. முன்பு செய்துவந்து இப்போது இயலாமற்போனவற்றின் குறிப்பை. புள்ளிக்கோலத்தில் புள்ளி பிசகுகிறது, குழம்பில் இருமுறை உப்பிடுகிறார், நியாயவிலைக் கடையில் சில்லறை எண்ணத் திணறுகிறார், பழகிய தெருவில் திரும்பும் இடம் தவறுகிறது, வேட்டியை முன்பின்னாகச் சுற்றுகிறார் என்பன போன்ற செய்திகள் மருத்துவருக்கு மதிப்பெண்களைவிட மிகுதியாக உணர்த்தும். எப்போது தொடங்கியது, படிப்படியாகவா திடீரெனவா என்பதையும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிச்செல்லுதல் நன்று. முதியவரின் முன்னிலையில் அவர் குறைகளை அடுக்குவதைத் தவிர்த்து அக்குறிப்பைத் தாளாகக் கொடுத்துவிடலாம். அவமதிப்பை உணரும் திறன் நினைவைவிட நெடுநாள் வாழ்கிறது.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்ற மருந்துகள் சிலரிடம் அறிகுறிகளைச் சிறிதுகாலம் தணிக்கின்றன, நோயை நிறுத்துவதில்லை. ஆரவாரத்தை அடக்கத் தரப்படும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியோரிடம் பக்கவாதத்திற்கும் இறப்பிற்குமான வாய்ப்பைக் கூட்டுவதால், அவற்றை மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவில், குறைந்த காலத்திற்கே கொடுக்கவேண்டும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தொடர்வது தவறு.

வீட்டில் பராமரித்தல்

மருந்தின் எல்லை குறுகியது என்பதால் பராமரிப்பே சிகிச்சையாகிறது. இதில் நம்பிக்கை தரும் சான்று கோவாவிலிருந்தே கிடைக்கிறது. அமித் டயஸும் பிறரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 81 குடும்பங்கள் பங்கேற்றன. சிறப்பு மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடுகளுக்குச் சென்று நோயை விளக்கினர். நடத்தைச் சிக்கல்களைக் கையாளக் கற்பித்தனர். அரசு உதவிகளுக்கு வழிகாட்டினர். பராமரிப்போரின் மனநலம் குறிப்பிடத்தக்க வகையில் மேம்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளுடன் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகின்றனர். அவர்களுக்கு டிமென்ஷியாவை அடையாளம் காணும் பயிற்சி அளிக்கப்படுமாயின் கோவா முயற்சிக்கு நிகரான ஒன்றைப் பெருஞ்செலவின்றி இங்கு அமைக்கலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வீட்டார் கற்கவேண்டியவற்றுள் முதன்மையானது, திருத்தாமை. இறந்துபோன தன் தாயைத் தேடும் முதியவளிடம் ‘அவங்க செத்து முப்பது வருஷமாச்சு’ என்றால் அவர் அச்செய்தியை அன்றுதான் கேட்பதுபோல் அழுகிறார். மறுநாளும் அவ்வாறே அழுவார். ‘அம்மா என்ன சமைப்பாங்க?’ என்று கேட்டுப் பேச்சை அத்தாயின் நினைவுக்குள் செலுத்துவது பொய்யன்று, துயரத்தைத் தவிர்க்கும் வழி. ‘வீட்டுக்குப் போகணும்’ என்பவர் தம் வீட்டிலேயே இருக்கிறார் என நிறுவ முயல்வதும் பயனற்றது. அவர் தேடும் வீடு பெரும்பாலும் பிறந்தவீடு. அல்லது அது ஏதோ ஒரு வலியையோ பசியையோ சொல்லும் முறை. வாசல்வரை ஒரு நடை நடந்து திரும்புவது சில வேளை போதுமானதாகிறது. மாலை வேளையில் இக்கலக்கம் கூடுவது பலரிடமும் காணப்படும். விளக்குகளை முன்கூட்டியே ஏற்றி, தொலைக்காட்சியின் இரைச்சலைக் குறைத்தால் ஓரளவு தணியும்.

வீட்டின் அமைப்பிலும் சிறு மாற்றங்கள் தேவை. குளியலறையின் உட்தாழ்ப்பாளை அகற்றுதல், எரிவாயு உருளையின் ரெகுலேட்டரைப் பயன்பாடு முடிந்ததும் மூடுதல், மாத்திரைகளைக் கைக்கெட்டாமல் வைத்தல், ஈரத்தரையில் வழுக்காத விரிப்பு, இரவில் கழிப்பறைக்கு வழிகாட்டும் சிறுவிளக்கு ஆகியன அவை. வெளியேறிச் செல்லும் வழக்கமுடையவரின் சட்டைப்பையிலும் புடவை முந்தானையிலும் தொலைபேசி எண் எழுதிய துணித்துண்டைத் தைத்துவைக்கலாம். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் செய்தியைச் சொல்லிவைப்பது, மறைத்து வைப்பதைவிடப் பயன் தரும். மானம் கருதி மறைக்கும் குடும்பமே காணாமற்போனவரை நெடுநேரம் தேட நேர்கிறது.

பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்: மனைவி, மருமகள், அல்லது திருமணமாகாத மகள். இவர் உறக்கமும் வருமானமும் வெளித்தொடர்பும் இழப்பதைக் குடும்பம் கடமை என்றழைத்து முடித்துவிடுகிறது. மற்ற உடன்பிறந்தோர் பணம் அனுப்புவது உதவியே. ஆனால் அப்பெண்ணுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பணத்தைவிட நேரம். ஆண்டிற்கு இரு வாரமேனும் மற்றொருவர் முதியவருடன் வந்து தங்குவது என்ற உடன்பாடு தொடக்கத்திலேயே பேசப்படவேண்டும். அவ்வாறு தங்கியவர் பின்னர் குற்றச்சாட்டுகளை நம்புவதில்லை என்பது உபரிப் பயன்.

வெளியுதவி குறைவாயினும் இல்லாமலில்லை. 1992இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் பல நகரங்களில் கிளைகளுடன் பராமரிப்போருக்கு ஆலோசனை வழங்குகிறது. சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் ‘டெம்கேர்ஸ்’ என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கெனத் தனிப்பிரிவை நடத்துகிறது. கேரள அரசு அச்சங்கத்துடன் இணைந்து ‘ஸ்மிருதிபதம்’ என்னும் திட்டத்தின்வழிப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தை அமைத்தது. மாவட்டந்தோறும் அத்தகைய பகல்நேர மையம் தமிழ்நாட்டின் உடனடித் தேவை. முதியோர் இல்லங்களில் பல, தம் வேலையைத் தாமே செய்துகொள்வோரை மட்டுமே ஏற்கின்றன. டிமென்ஷியா எனத் தெரிந்ததும் மறுக்கின்றன. இல்லத்தைத் தேடுவோர் நோயை மறைத்துச் சேர்ப்பது சில வாரங்களில் வெளிப்பட்டு முதியவரை மீண்டும் இடம்பெயரச் செய்யும். இடமாற்றம் இந்நோயாளிகளை மிகவும் குலைக்கக்கூடியது. தனியார் முகமைகள்வழி வரும் வீட்டுச் செவிலியர், உதவியாளர் பலர் டிமென்ஷியா பயிற்சி பெறாதோர். அமர்த்துமுன் இந்நோயாளியைப் பார்த்த அனுபவம் உண்டா என்றும், வர இயலாத நாளில் மாற்றாள் யார் என்றும் கேட்டறிவது இன்றியமையாதது.

கையெழுத்திற்கு எஞ்சும் காலம்

மறதி என்று கருதிக் காலம் கடத்துவதால் நேரும் இழப்புகளுள் மீட்க முடியாதது சட்டத் தகுதி. நோயின் தொடக்கத்தில் முதியவர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லவும் ஆவணத்தில் கையெழுத்திடவும் வல்லவர். அக்காலம் சில மாதங்களாகவோ சில ஆண்டுகளாகவோ இருக்கலாம்.

பொது அதிகார ஆவணம் எழுதி வாங்கிவிட்டால் போதும் எனக் குடும்பங்கள் நம்புகின்றன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் முகமை முடிவுக்கு வருகிறது. எந்த நிலைக்கெனக் குடும்பம் அதனை எழுதி வாங்கியதோ அந்நிலை வந்ததும் அது செல்லாததாகிறது. பிற நாடுகளில் உள்ள, தகுதியிழந்த பின்னும் நிலைக்கும் அதிகார ஆவணம் இந்தியச் சட்டத்தில் இல்லை. எனவே தொடக்கத்திலேயே, முதியவரின் முழு இசைவோடு, வங்கிக் கணக்கை இருவரில் ஒருவர் அல்லது உயிருடனிருப்பவர் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுதலும், வாரிசு நியமனங்களைச் சரிபார்த்தலும், உயில் எழுத விரும்பினால் மருத்துவரின் தகுதிச் சான்றோடு எழுதிப் பதிவுசெய்தலும் செயல்முறையில் பயனளிப்பன. ‘முழு இசைவோடு’ என்பது வெறும் சொல்லன்று. இதே காலத்தில்தான் ஒரு பிள்ளை மற்றவர் அறியாமல் கைநாட்டுப் பெறுவதும் நிகழ்கிறது. டிமென்ஷியா நோயறிதலே முதியவரின் தகுதியைத் தானாக அழித்துவிடுவதில்லை என்பதையும் மறக்கலாகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவையும் திசையறிவையும் பாதிக்கும் கோளாறுகளும் அடங்குகின்றன. அச்சட்டத்தின்படி ஒருவர் தமக்கு எவ்வகை மனநலச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் இயலும். ஆனால் அந்நியமனம் சிகிச்சைக்கு மட்டுமே, சொத்துக்கு அன்று. பழைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த, சொத்தை நிருவகிக்க நீதிமன்றம் ஒருவரை அமர்த்தும் ஏற்பாடு புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் டிமென்ஷியாவைத் தழுவுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவு வரம்புடைய பாதுகாவலரை அனுமதிக்கிறது. அதுவும் முதியவருடன் இணைந்து முடிவெடுப்பதையே முதன்மையாகக் கருதுகிறது. எஞ்சிய நிலையில் குடும்பங்கள் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகுகின்றன. மருத்துவச் செலவிற்காகத் தாயின் வைப்புத்தொகையை எடுக்க உயர் நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருப்பது சட்டம் நிரப்பவேண்டிய இடைவெளி.

புறக்கணிப்புக்கு உள்ளாகும் முதியவருக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 துணைநிற்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகைக்கு அச்சட்டம் வழிசெய்கிறது. முதியவரால் இயலாதபோது அவர் சார்பில் பிறரோ தொண்டு அமைப்போ விண்ணப்பிக்கவும், தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரிக்கவும் இடமுண்டு. பராமரிப்பதாக உறுதிகூறிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிடுவோரின் ஆவணத்தைச் செல்லாததாக்க 23ஆம் பிரிவு உதவும். ஆனால் அவ்வுறுதி ஆவணத்திலேயே எழுதப்பட்டிருப்பின் வழக்கு எளிதாகும். தான செட்டில்மென்ட் எழுதுமுன் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி ஆவண எழுத்தரிடம் கேட்பதற்கு, முதியவர் தம் பெயரைத் தாமே எழுதக்கூடிய நாள்களில் மட்டுமே வாய்ப்புண்டு.